யார் கைச் சோறு? வடலூர் அடுப்பும் அமிர்தசரஸ் பந்தியும்

ஒடிசாவில் சத்ரகாய் என்றொரு சாதி உண்டு. உண்டு என்பதைவிட உண்டாயிற்று என்பதே சரி. சத்திரத்துச் சோறு தின்றவர்கள் என்பது அந்தப் பெயருக்குப் பொருள். 1866 பஞ்சத்தில் அந்தப் பகுதியில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்தார்கள். சாகாமல் தப்பியவர்களில் பலர் கஞ்சித்தொட்டியில் கையேந்தித் தப்பியவர்கள். மழை பெய்து, விளைச்சல் கண்டு, ஊர் திரும்பியவர்களைச் சொந்தக்காரர்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். யார் பொங்கிய சோறு, யார் பக்கத்தில் உட்கார்ந்து தின்றாய் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. தள்ளப்பட்டவர்கள் ஒன்றுசேர்ந்து தனிச் சாதியானார்கள். வெள்ளைக்கார அதிகாரி ரிஸ்லி பிற்பாடு வங்காள மாகாணத்துச் சாதிகளைத் தொகுத்தபோது இவர்களையும் எழுதிக்கொண்டார். அவர் சொல்வதில் இன்னொன்று இன்னும் கசக்கும்: அந்தச் சாதிக்குள்ளேயே மேல், கீழ் என்று இரண்டு பிரிவு. உயர்ந்த சாதிகளிலிருந்து விழுந்தவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். குடித்தது என்னவோ ஒரே தொட்டிக் கஞ்சி.

அதற்கு அடுத்த ஆண்டு, 1867 மே 23 அன்று, அன்றைய தென்னாற்காடு மாவட்டத்து வடலூரில் வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் ஓர் அடுப்பை மூட்டினார். ஒடிசாச் செய்தி அவர் காதுக்கு எட்டியதோ இல்லையோ, சென்னை மாகாணத்திலும் அந்த ஆண்டுகள் பஞ்ச ஆண்டுகள்தான். அங்குள்ள பார்வதிபுரத்து மக்கள் விட்டுக்கொடுத்த 80 காணி நிலத்தில், ஏறத்தாழ 106 ஏக்கரில், தருமச்சாலை எழுந்தது. அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை.

பசித்தவருக்குச் சோறு போடுவது ஒரு வேலை. அவர் கையால் நாமும் வாங்கித் தின்னப் பழகுவது இன்னொரு வேலை. முதலாவதை உணவுப் பாதுகாப்பு என்கிறார்கள். இரண்டாவதைச் சமய நல்லிணக்கக் கல்வி, பண்பாட்டுப் புரிதல் என்று பல பெயரில் சொல்கிறார்கள். உலக அமைப்புகள் இரண்டையும் இரண்டு இலாகாவாகவே வைத்திருக்கின்றன. 1974 நவம்பரைப் பாருங்கள். வங்காளதேசத்தில் பஞ்சம், எத்தியோப்பியாவில் பஞ்சம். ரோமில் 5ஆம் தேதி கூடிய உலக உணவு மாநாடு, 16ஆம் தேதி பசி ஒழிப்புப் பிரகடனத்தோடு கலைந்தது. பத்தே ஆண்டில் எந்தக் குழந்தையும் பசியோடு படுக்கப் போகாத நிலை வரவேண்டும் என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸிஞ்சர் அங்கே இலக்கு வைத்தார். மூன்று நாள் கழித்து, 19ஆம் தேதி, பாரிஸில் யுனெஸ்கோ பொது மாநாடு இன்னொரு தாளை நிறைவேற்றியது. நாடுகளும் பண்பாடுகளும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடங்கள் என்ன செய்யவேண்டும் என்ற பரிந்துரை அது. மன்றம் வேறு, கோப்பு வேறு, கைதூக்கியவர்கள் வேறு.

ரோமில் வைத்த கெடு முடிந்த 1984இல் எத்தியோப்பியாவில் மறுபடியும் பஞ்சம். நாற்பது ஆண்டு கழித்து, 2024இலும் உலகில் 67 கோடிக்கு மேற்பட்டவர்கள் பசியோடு இருந்தார்கள் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் கணக்கு. பாரிஸ் பரிந்துரையை 2023 நவம்பரில் தூசு தட்டிப் புதுப்பித்தார்கள். புரிதல் எட்டாதவர்கள் எத்தனை பேர் என்பதற்கு யாரும் கணக்கு வைப்பதில்லை; வைத்தால் 67 கோடியைவிடப் பெரிய எண்தான் வரும்.

இந்த இரண்டு வேலையையும் ஒரே கூரைக்கடியில் செய்து பார்த்த இடங்கள் நம் நாட்டில் சில உண்டு. அவற்றில் இரண்டை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று வடலூர் தருமச்சாலை. மற்றது அமிர்தசரஸ் பொற்கோவிலின் பொதுச் சமையற்கூடமான குரு ராம்தாஸ் லங்கர். அளவில் இவை இணை இல்லை. அமிர்தசரஸில் சாதாரண நாளிலேயே 50,000 பேருக்குக் குறையாமல் சாப்பிடுகிறார்கள். விசேஷ நாளில் லட்சத்தைத் தாண்டும். வடலூரில் அந்தக் கூட்டம் தைப்பூசத்துக்குத்தான். ஆனாலும் இரண்டு அடுப்பிலும் எரிவது ஒரே கேள்வி.

வடலூரிலிருந்து தொடங்குவோம். தருமச்சாலைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது அந்த அடுப்புதான். 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம் என்பார்கள். பல வாய் கொண்ட கோட்டையடுப்பு. விறகு உள்ளே தள்ளப்பட்டபடியே இருக்கும். சமையல் இல்லாத நேரத்திலும் ஒரு கட்டை கனன்றுகொண்டிருக்கும். சுவர் கறுத்து, பக்கத்தில் நின்றாலே கண் எரியும். கும்பிட வருகிறவர்கள் சிலர் அந்தப் புகையையே கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். அரிசி மூட்டையும் காய்கறியும் விறகும் சுற்று வட்டார ஊர்களிலிருந்து வண்டியில் வந்து இறங்கும். யார் கொடுத்தது என்று கேட்டால், அந்த ஊர்க்காரர்கள், இந்த ஊர்க்காரர்கள் என்று ஊர்ப் பெயர்தான் பதிலாக வரும். மூன்று வேளையும் சோறு. பந்தியில் உட்கார்ந்தவரிடம் பெயர்கூடக் கேட்பதில்லை.

கேட்கக்கூடாது என்பது இங்கே விதி. வள்ளலார் எழுதிய 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்ற உரைநடை நூல்தான் இந்த அடுப்புக்குச் சாசனம். பசித்தவர் எந்தத் தேசம், எந்தச் சமயம், எந்தச் சாதி, எப்படிப்பட்ட நடத்தை என்று விசாரிக்கக் கூடாது என்பதை அதில் ஒன்றுவிடாமல் அடுக்குகிறார். நடத்தையையும் சேர்த்தாரே, அங்கேதான் நான் நின்றுவிடுவேன். சாதியைக் கேட்காதவர்கள்கூட ‘குடிகாரனுக்கு எதற்குச் சோறு’ என்று கேட்டுவிடுவார்கள். அரசாங்கத் திட்டங்களும் அப்படித்தான்: தகுதியுள்ள பயனாளி யார் என்ற கேள்வியில்தான் ஊழியர்களின் பாதி நேரம் போகிறது. வடலூர் அந்தக் கேள்வியை 1867இலேயே எடுத்தெறிந்துவிட்டது.

அதே நூலில் பசி ஏற ஏற உடம்பு என்னவாகிறது என்று உறுப்பு உறுப்பாகச் சொல்லும் ஒரு பகுதி வரும். அறிவு மங்கும், கண் பஞ்சடையும், காது அடைக்கும், நாக்கு வறளும், கை கால் துவளும். ஒரு வைத்தியரின் நிதானம் அதில் இருக்கும். பசியை விதி என்றும் முன்வினை என்றும் சொல்லி நகர்ந்துவிடுகிற பழக்கத்துக்கு அவர் சொன்ன மறுப்பு அந்த வர்ணனையிலேயே முடிந்துவிடுகிறது. எந்த மதத்துக்காரனுக்கும் கண் ஒரே மாதிரிதான் பஞ்சடையும். மத ஒற்றுமைக்கு எத்தனையோ பேர் ஒரே கடவுள் என்பதை அடிப்படையாக வைத்தார்கள். வள்ளலாரும் சோதி என்ற ஒரே கடவுளைச் சொன்னவர்தான். ஆனால் தருமச்சாலை நிற்பது ஒரே வயிறு என்ற அடிப்படையின் மேல். இதற்கு எதிர்வாதம் செய்ய யாராலும் முடியாது.

கட்டிய வரிசையைக் கவனியுங்கள். அடுப்பு 1867இல். சத்திய ஞானசபை 1872 ஜனவரி 25இல். சோற்றுக்குப் பிறகு ஐந்து ஆண்டு கழித்துத்தான் வழிபாட்டிடம். சபையில் ஏழு திரை உண்டு. தைப்பூசத்தன்று அவை விலகித்தான் சோதி தெரியும். தருமச்சாலைக்குத் திரையே கிடையாது. சபையில் எந்த முறையில் வழிபடுவது என்பது பின்னாளில் உயர் நீதிமன்றம் வரை போன வழக்கு. தருமச்சாலைக் குழம்பைப் பற்றி ஒருவரும் வழக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

இதே வரிசை பஞ்சாபில் அதற்கு முந்நூறு ஆண்டுக்கு முன்பே வந்துவிட்டது. மூன்றாம் குரு அமர்தாஸ், கோயிந்த்வாலில் ஒரு கட்டளை வைத்திருந்தார்: முதலில் பங்கத், அப்புறம் சங்கத். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தால்தான் குருவைப் பார்க்கலாம். பார்க்க வந்த அக்பர் சக்கரவர்த்தியும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டே உள்ளே போனார் என்பது சீக்கிய மரபு. அதற்கு முன்பே இரண்டாம் குரு அங்கதின் மனைவி மாதா கீவி, நெய்யூற்றிய பாயசத்தோடு லங்கர் நடத்தியவர். சீக்கிய வேதமான குரு கிரந்த சாகிபுக்குள் அவர் பெயரும் அந்தப் பாயசமும் இடம்பெற்றிருக்கின்றன. சமையற்கட்டில் நின்ற ஒரு பெண்ணின் பெயர் வேதத்தில் ஏறுவது அரிது.

லங்கர் என்ற சொல்லே பாரசீக வழி வந்தது. சூஃபிகளின் மடங்களில் பொதுச் சமையலுக்கு அந்தப் பெயர்தான். பஞ்சாபில் பாபா ஃபரீதின் மடமும் அப்படிச் சோறு போட்ட இடம். அந்த ஃபரீதின் பாடல்களும் குரு கிரந்தத்தில் இருக்கின்றன. கூடவே நெசவாளி கபீர், செருப்புத் தைத்த ரவிதாஸ், தையற்காரர் நாமதேவ். அடுப்பும் இரவல், பாட்டும் இரவல். மதங்களுக்கிடையே புரிதல் என்று இன்று மாநாடு போட்டுப் பேசுவதை அவர்கள் கைமாற்று வாங்குவதுபோல வாங்கிவிட்டார்கள்.

பங்கத் என்பதும் நம் பந்தி என்பதும் ஒரே வேர்ச்சொல்லின் பிள்ளைகள். வடமொழியில் பங்க்தி என்றால் வரிசை. தரும சாத்திரங்களில் இந்தச் சொல்லுக்கு ஒரு விஷமான வரலாறு இருக்கிறது. பந்தியைத் தூய்மை செய்கிறவர்கள் யார், உட்கார்ந்தாலே பந்தியைக் கெடுத்துவிடுகிறவர்கள் யார் என்று அங்கே பட்டியலே உண்டு. அதாவது வரிசை என்ற சொல் அங்கே பயன்பட்டது யாரை எழுப்பிவிடுவது என்று பார்க்கத்தான். அந்தச் சொல்லையே எடுத்து அமர்தாஸ் தலைகீழாகத் திருப்பினார். தமிழ்நாட்டில் அது சமபந்தி ஆயிற்று. ஒவ்வொரு ஆகஸ்ட் 15க்கும் கோவில்களில் அமைச்சர்களும் ஆட்சியர்களும் உட்கார்ந்து சாப்பிடும் படம் பத்திரிகையில் வரும். 'சம' என்று தனியாக ஒட்டவேண்டியிருக்கிறதே, அதிலிருந்தே தெரியவில்லையா பந்தி எப்படிப்பட்டது என்று.

அமிர்தசரஸில் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போகும் முன்பே தட்டு, கிண்ணம், கரண்டி கையில் வந்துவிடும். தலையை மூடியிருக்கவேண்டும், கால் வெறுங்காலாக. நீளவாக்கில் விரித்த பாயில் உட்கார்ந்தால் வாளியில் பருப்பு வரும், சில நேரம் பாயசம் வரும். ரொட்டி கொண்டுவருகிறவர் நமக்கு ஒரு பாடம் நடத்துவார். ஒற்றைக் கையை நீட்டினால் நின்று பார்ப்பார். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால்தான் ரொட்டி விழும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள், சட்டைப் பையில் மூன்று பேனா செருகிய உத்தியோகஸ்தர், ஒற்றைக் கையை நீட்டி, பிறகு அக்கம்பக்கம் பார்த்து, மற்றக் கையையும் சேர்த்துக்கொண்டார். பிச்சை கேட்கிற கை அது. அங்கே எல்லோருக்கும் அதே கைதான்.

பாடம் சாப்பாட்டோடு முடிவதில்லை. வெளியே வந்தால் தட்டுக் கழுவுகிற இடம். நீண்ட தொட்டிகள், ஓயாத கணகணவென்ற சத்தம். சாப்பிட்டவர்கள் அப்படியே முழங்கைவரை துணியைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். உள்ளே ஒரு கூடத்தில் பூண்டு உரிக்கிறார்கள், இன்னொரு பக்கம் மாவு உருட்டுகிறார்கள். சப்பாத்தி இயந்திரமும் இருக்கிறது. ஆனாலும் கையால் தேய்க்கிறவர்கள் கூட்டம் குறைவதில்லை. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து உருட்டலாம். நீ யார் என்று கேட்காமல் குழவிக்கட்டையை நீட்டுகிறார்கள்.

வடலூருக்கும் அமிர்தசரஸுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதில்தான் இருக்கிறது. வடலூரில் யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம். அமிர்தசரஸில் யார் வேண்டுமானாலும் சாப்பாடு போடவும் செய்யலாம். முதலாவது பசியைத் தீர்க்கிறது. இரண்டாவது, ஒடிசாவில் அந்தச் சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறது. நான் சாப்பிட்ட ரொட்டியைத் தேய்த்தது யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அந்தத் தெரியாமைதான் அங்கே நடக்கிற கல்வி.

அமிர்தசரஸை அதற்காகத் தலையில் தூக்கிவைத்து ஆடவேண்டியதில்லை. 1920 அக்டோபர் 12ஆம் தேதிக் கதையைக் கேட்டால் தெரியும். தாழ்த்தப்பட்ட சாதிகளிலிருந்து சீக்கியம் தழுவிய ஒரு கூட்டம், ஜாலியன்வாலா பாக்கில் கூடிவிட்டு, கோதுமைக் கேசரியைப் படையலாக எடுத்துக்கொண்டு பொற்கோவிலுக்கு நடந்தது. பூசாரிகள் வாங்க மறுத்தார்கள். உண்ணுவதற்கு அவர்கள் வரலாம். அவர்கள் கொண்டுவந்ததைப் பங்கிட்டு மற்றவர்களுக்குக் கொடுக்கமுடியாது. வாக்குவாதம் முற்றி, குரு கிரந்தத்தையே பிரித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. பிரித்த பக்கத்தில் வந்தது அதே அமர்தாஸின் வாக்கு. தகுதியற்றவரையும் ஆண்டவன் மன்னித்து ஏற்கிறான் என்ற கருத்து. படையலை வாங்கிக்கொண்டார்கள். பூசாரிகள் சிலர் இடத்தைவிட்டே போனார்கள். அந்த வேகத்தில்தான் அடுத்த மாதமே சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி உருவானது. இன்று லங்கரை நடத்துவது அந்தக் கமிட்டிதான்.

ஆகவே முந்நூற்றைம்பது ஆண்டு பந்தியில் உட்கார்ந்த பிறகும், யார் கையிலிருந்து வாங்குவது என்ற கேள்வியில் அந்தச் சமூகம் இடறியது. இன்றைக்கும் பஞ்சாபின் கிராமங்களில் ஜாட் சாதியினருக்கு ஒரு குருத்வாரா, தலித்துகளுக்கு இன்னொரு குருத்வாரா என்று இருப்பது ஒளிவுமறைவான செய்தி இல்லை. பெரிய கோவிலில் ஒன்றாகத் தின்றுவிட்டு ஊருக்குப் போய்த் தனித்தனியாகக் கும்பிடுகிறார்கள்.

வடலூரின் தடுக்கல் வேறு விதம். வள்ளலார் மனிதர்களை இரண்டாகப் பிரித்தார். சாதியால் அல்ல, தட்டால். கொலை, புலால் தவிர்த்தவர்கள் அகவினத்தார். மற்றவர்கள் புறவினத்தார். புறவினத்தாருக்குப் பசி வந்தால் சோறு போடத்தான் வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை; ஆனால் மற்ற நெருக்கம் வேண்டாம் என்பது அவர் ஏற்பாடு. கருணைக்கு வேலி கிடையாது, உறவுக்கு உண்டு. அவர் காலத்தில், உயிர்ப்பலி நடக்கும் கோவில்களுக்கு நடுவே இதைச் சொல்லவேண்டிய நியாயம் அவருக்கு இருந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும்போது மறைக்க முடியாது: மீனவர், ஆட்டுக்காரர், இஸ்லாமியர், கிறிஸ்தவர், தலித் என்று தமிழ்நாட்டில் பெரும்பான்மையோர் அந்த வேலிக்கு வெளியேதான் நிற்கிறார்கள். லங்கரிலும் இறைச்சி கிடையாது. அங்கே அது எல்லோரும் கூச்சமின்றிச் சாப்பிடலாம் என்ற ஏற்பாடாக நிற்கிறது. வடலூரில் அதுவே மனிதனை அளக்கும் கோலும் ஆகிவிட்டது. 1996இல் ரோம் உச்சி மாநாடு உணவுப் பாதுகாப்புக்கு இலக்கணம் சொன்னபோது, போதுமான சத்துள்ள உணவோடு மக்களின் உணவு விருப்பத்தையும் சேர்த்துக்கொண்டது. விருப்பம் என்ற அந்தச் சின்னச் சொல்லுக்குள் எவ்வளவு சண்டை அடங்கியிருக்கிறது என்பது முட்டையைச் சத்துணவில் போடலாமா என்று வாதிடுகிற மாநிலங்களைக் கேட்டால் தெரியும்.

வள்ளலாருக்குக் கல்வியின்மேலும் கண் இருந்தது. வடலூரில் சன்மார்க்க போதினி என்ற பாடசாலை திறந்தார். சிறுவர் முதல் முதியவர்வரை எல்லோரும் படிக்கலாம். தமிழ், சமஸ்கிருதம், ஆங்கிலம் மூன்றும் கற்றுத்தரவேண்டும் என்பது திட்டம். அடுப்பு ஒரு கட்டடம், பள்ளி இன்னொரு கட்டடம். அடுப்பு எரிகிறது, பள்ளி நெடுநாள் நிலைக்கவில்லை. 1974இல் ரோமும் பாரிஸும் பிரிந்தது போலத்தான் இதுவும் என்று எனக்குத் தோன்றும். சோறு போடும் அறைக்குள்ளேயே பாடத்தை வைத்த இடத்தில் அது, இடறி இடறியாவது, தங்கிவிட்டது. தனி அறையில் வைத்த இடத்தில் பாடம் முதலில் செத்தது.

பள்ளிக்கூடத்துக்குள் பந்தி நுழைந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சேரன்மாதேவி சாட்சி. வ.வே.சு. ஐயர் 1922இல் அங்கே தேசியக் கல்விக்காகக் குருகுலம் நடத்தினார். காங்கிரஸ் பணம் கொடுத்தது, சாதி வேறுபாடின்றி நன்கொடை வந்தது. நாட்டுப்பற்று, உடலுழைப்பு, பல மொழி இலக்கியம் எல்லாம் பாடத்திட்டத்தில் இருந்தன. சாப்பாட்டு நேரத்தில் பிராமண மாணவர்கள் இருவருக்கு மட்டும் தனி இடம். பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்று ஐயர் சொன்னார். வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் விடவில்லை. காந்திவரை போய்ச் சமரசம் பேசியும் தீரவில்லை. 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் ஐயர் இறந்தார், குருகுலம் மங்கியது. தமிழ்நாட்டு அரசியலின் திசையையே திருப்பிய சண்டைகளில் அது ஒன்று. வகுப்பறை நாள் முழுக்கச் சொன்னதைச் சாப்பாட்டுக் கூடம் அரை மணி நேரத்தில் அழித்துவிட்டது.

அந்தத் தமிழ்நாடுதான் 1956இல் காமராசர் காலத்து மதிய உணவையும், 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவையும், 2022இல் காலை உணவையும் தொடங்கியது. உலகத்தில் பள்ளிச் சோற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் சொல்லும் பெயர் நம் மாநிலம். பசி என்ற கணக்கில் பெருமைப்படலாம். ஆனால் 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பக்கத்து ஊர் ஒன்றில், தலித் பெண் சமைக்கக்கூடாது என்று பெற்றோர்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். 2023இல் கரூர் மாவட்டத்தில் காலை உணவுக்கு இதே கதை. மாவட்ட ஆட்சியர் போய் அந்தப் பெண் சமைத்ததைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். சத்து எத்தனை கிராம், பருப்பு எத்தனை கிராம் என்று அரசாணை துல்லியமாகச் சொல்லும். சமைக்கிறவரின் கையைப் பற்றி அதில் என்ன எழுதுவது?

இந்த அடுப்புகளால் பஞ்சத்தை நிறுத்தமுடியாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் 1874 ஜனவரி 30 அன்று அறைக்குள் போய்த் தாளிட்டுக்கொண்ட இரண்டே ஆண்டில் தாது வருஷப் பஞ்சம் வந்து, சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்களை அள்ளிக்கொண்டு போனது. துறைமுகத்திலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தது. வடலூர் அடுப்பு அப்போதும் எரிந்தது. அதற்கு எட்டியது சுற்றுவட்டாரம்தான். கோடிக்கணக்கான வயிற்றுக்கு ரேஷன் கடையும் 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டமும்தான் பதில். அந்த ரேஷன் கோதுமையும் லங்கர் ரொட்டியும் ஒரே பஞ்சாப் வயலில் விளைந்தவை. பசுமைப் புரட்சிக்குப் பிறகு அந்த வயல்களுக்கடியில் நிலத்தடி நீர் ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டிருக்கிறது. வடலூரிலிருந்து அதிகத் தூரமில்லாத வளையமாதேவியில் 2023 ஜூலையில் நிலக்கரிச் சுரங்கத்துக்கான கால்வாய் வேலைக்காக, நெல் நின்ற வயலுக்குள் மண்வாரி இயந்திரத்தை இறக்கினார்கள். வாடிய பயிருக்காக வாடிய வள்ளலாரின் ஊருக்குப் பக்கத்திலேயா என்று பத்திரிகைகள் எழுதின. அள்ளிக்கொடுக்கிற அடுப்பு எதுவும் தன் காலடி நிலத்தைவிடப் பெரிதில்லை.

எது மேல் என்று கேட்டால் எனக்கு ஒரே பதில் இல்லை. எண்ணத்தின் அகலத்தில் வடலூர். இருக்கிற சமயங்களில் எதையும் சாராமல், வயிற்றை மட்டும் சாட்சியாக வைத்துப் பேச வேறு யாருக்கும் துணிவு வந்ததில்லை. லங்கரில் குருவின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போய்த் தலையை மூடிக்கொண்டு சாப்பிடுகிறோம்; எவ்வளவு அன்பான வீடானாலும் அது ஒரு சமயத்தின் வீடு. பழக்கத்தின் வலுவில் அமிர்தசரஸ். கொடுக்கிறவன், வாங்குகிறவன் என்ற பிரிவை அது அன்றாடம் கலைத்துப் போடுகிறது. வடலூரில் அந்தப் பிரிவு அப்படியே நிற்கிறது. சோற்றுக் கட்டளைக்குப் பணம் கட்டுகிறவர் ஒருவர், வரிசையில் நிற்கிறவர் இன்னொருவர். தட்டுக் கழுவ இறங்குங்கள் என்று யாரும் கூப்பிடுவதில்லை.

2020 நவம்பர் கடைசியில் பஞ்சாப் விவசாயிகள் டெல்லி எல்லையில் சிங்கு, டிக்ரியில் டிராக்டர்களை நிறுத்தியபோது, முதல் நாளே நெடுஞ்சாலையில் அடுப்புகள் மூட்டப்பட்டன. வேளாண் சட்டங்களை எதிர்த்த அந்தப் போராட்டம் ஓராண்டுக்கு மேல் நடந்தது. தடியோடு நின்ற போலீஸ்காரர்களுக்கும், அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைக் கூலிகளுக்கும், குப்பை பொறுக்கும் பிள்ளைகளுக்கும் அதே ரொட்டி. அங்கே ஒரு லங்கரைப் பஞ்சாபின் மாலேர்கோட்லாவிலிருந்து வந்த முஸ்லிம்கள் நடத்தினார்கள். குங்குமப்பூ நிறத்தில் சர்தா என்னும் இனிப்புச் சோறு. பெரிய அண்டாவில் கிளறி, தலைப்பாகை கட்டிய சீக்கியக் கிழவர்களுக்கு அள்ளிப் போட்டார்கள்.

பிரிவினைக்கு முன்னால் பஞ்சாபின் ரயில் நிலையங்களில் தண்ணீர்க்காரர்கள் பானை பானையாகக் கூவிக்கொண்டு போவார்கள்: இந்துத் தண்ணீர், முஸ்லிம் தண்ணீர். ஒரே கிணற்றில் சேந்தியதாகவும் இருந்திருக்கும். சிங்குவில் கையேந்தி அந்த மஞ்சள் சோற்றை வாங்கிய கிழவர்களில் எண்பது தாண்டியவர்கள் பலர் இருந்தார்கள். அந்தக் கூவல் அவர்களில் ஒருவர் இருவர் காதிலாவது இன்னும் மிச்சமிருந்திருக்கும்.